நந்திதுர்க்: ஒரு பெயரும் மறைதூண்டலும்

விளம்பரத்தில் மறைதூண்டல் என்றதும் பலரும் 1957-ஐ நினைவுகூர்வர். அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் ஜேம்ஸ் விக்கரி, திரைப்படத்தினூடே கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் வாசகங்களைக் காட்டிச் சோளப்பொரி விற்பனையை 57.7 விழுக்காடு உயர்த்தியதாக அறிவித்தார். அவ்வறிவிப்புக்குத் தக்க சான்று இல்லை என்பதை 1962-இல் அவரே ஒப்புக்கொண்டார். எனினும் அச்சம் நீடித்தது. புலனுக்கு எட்டாத செய்தியைத் தேடும் முனைப்பில், கண்முன் நிற்கும் சொற்கள் செய்யும் வேலை ஆராயப்படாமலே போனது. கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கம் இதற்குத் தக்க சான்று.

நந்திதுர்க்கம் எனும் மலைக்கோட்டை பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. தங்கவயலோ பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. எனினும் கோலார் மாவட்டம் மைசூர் நிர்வாகத்தில் நந்திதுர்க் கோட்டத்தைச் சேர்ந்திருந்தமையால் பெயர்ப் பொருத்தத்திற்கு அலுவல்முறை அடிப்படை உண்டு. ஆனால் 1880களில் லண்டனில் பங்கு வாங்கியவருக்கு அது வெறும் நிர்வாகப் பெயராக ஒலித்திருக்க இயலாது. 1791-இல் காரன்வாலிஸின் படை திப்புவிடமிருந்து கைப்பற்றிய கோட்டை அது. மைசூர்ப் போர்களை நூல்களிலும் ஓவியங்களிலும் கண்டு வளர்ந்த சமூகத்திற்கு, அப்பெயர் வெற்றியையும் கீழைநாட்டுச் செல்வத்தையும் ஒருங்கே உணர்த்தவல்லது. பங்கு அறிக்கை அவ்விரண்டையும் சொல்ல வேண்டியதில்லை, பெயரே சொல்லிவிடும். பெயரிட்டவரின் உள்நோக்கத்தைவிட, அப்பெயர் சென்று சேர்ந்த மனநிலமே இங்கு ஆய்வுக்குரியது.

அந்த மனநிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. கலிபோர்னியா, விக்டோரியா தங்க வேட்டைகளின் நினைவு மங்கவில்லை. 1880-இல் பிரவ் ஸ்மித் வழங்கிய அறிக்கையை ஒட்டி வயநாட்டுத் தங்கத்திற்காக நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தோன்றிச் சில ஆண்டுகளிலேயே சரிந்தன. 2006-இல் நெதர்லாந்தில் கார்ரெமன்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு இதை விளக்க உதவும்: மறைவாகக் காட்டப்பட்ட பானத்தின் பெயர், தாகத்துடன் இருந்தவர்களின் தெரிவையே பாதித்தது. தூண்டல் வேட்கையைப் படைப்பதில்லை. இருக்கும் வேட்கைக்குத் திசை காட்டுகிறது. வயநாட்டை நாடிய முதலீட்டாளரிடம் தாகம் முன்னரே இருந்தது.

வயநாடு ஏமாற்றியது, கோலார் ஏமாற்றவில்லை. ஜான் டெய்லர் அன் சன்ஸ் நிர்வாகத்தில் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் ஆகிய சுரங்கங்கள் மெய்யாகவே பொன் ஈந்தன. ஆகவே விளம்பரத்தை உண்மை, பொய் என்ற அளவுகோலால் மட்டும் மதிப்பிடுதல் போதாது. உண்மையான விளம்பரமும் எதை மறைக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

மறைக்கப்பட்டது உழைப்பு. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த, பெரும்பான்மையும் தலித்துகளான தொழிலாளரே அப்பொன்னை வெட்டினர். பாறை வெடிப்பும் சிலிக்காத் தூசி தந்த நுரையீரல் நோயும் அவர்கள் பங்காயின. நிறுவனம் ‘மைசூர்’ என்ற சுரங்கத்தின் இடம் அவர்கள் வாழ்வில் மாரிக்குப்பம். ஒரே நிலத்திற்கு இரு பெயர்கள்: ஒன்று பங்குச் சந்தைக்கு, மற்றொன்று வாழ்வதற்கு. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பெயரற்ற உழைப்பாளிகளாக நிறுத்தப்பட்டவர்கள் தம்மை அடையாளக் குறியாகச் சுருக்குவதற்கு உடன்பட மறுத்தனர்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நந்திதுர்க் இன்று பங்குப் பெயரன்று. தொழிலாளர் குடியிருப்பின், சயனைடு கழிவு மேட்டின் பெயர். விளம்பர வரலாற்றை எழுதுவோர் திரையில் மின்னி மறைந்த வாசகங்களைத் தேடுவதோடு நில்லாமல், ஊர்ப்பெயர்களையும் பங்கு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். யாவரும் உரக்க வாசித்த சொல்லிலேயே மறைதூண்டல் தங்கியிருந்தது.