ஏர் ஹோஸுல ஆயிலும் ஒரு குளவிக்கூடும்

வண்டியை சர்வீஸ் விட்டு எடுத்து மூணு வாரம்கூட ஆகலை. சும்மா இல்லாம ஏர் ஃபில்டர் டப்பாவைத் தொறந்து பார்த்தேன். டர்போவுக்குப் போற ரப்பர் ஹோஸ்ல விரலை விட்டா, விரல் பூரா கறுப்பா எஞ்சின் ஆயில். தெரிஞ்ச பட்டறை ஒண்ணுல காட்டினேன். எட்டிப் பார்த்துட்டு, "டர்போ போச்சு சார், ஒரு நாப்பத்தஞ்சு ஆகும்"னார். நாப்பத்தஞ்சுன்னா ஆயிரம். வயித்தைக் கலக்கிடுச்சு.

திரும்பி வர்ற வழியில காவிரிப் பாலத்து நெரிசல்ல நிக்கறப்போ எதிர்வீட்டு மாமா ஞாபகம் வந்தார். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

எண்பதுகள்ல ஸ்ரீரங்கத்துல மாமா ஒரு அம்பாசடரை டாக்ஸியா ஓட்டிட்டிருந்தார். ராஜகோபுரத்துக்கு சாரம் கட்டி வேலை நடந்துட்டிருந்த சமயம் (1987ல கும்பாபிஷேகம் ஆச்சு). மஞ்சக்காமாலை வந்து மாமா ரெண்டு மாசம் படுத்துட்டார், வண்டி வீதியிலேயே நின்னுது. எந்திரிச்சு வந்து எடுத்தா, ஏர் க்ளீனர் பூரா ஆயில். மெக்கானிக் சொன்னது ஒரே வார்த்தை: "போர் போயிடுச்சு." மாமி வளையல் அடகுக்குப் போச்சு. எஞ்சினை இறக்கி, ரீபோர் அடிச்சு, புது பிஸ்டன், புது ரிங் போட்டு ஏத்தினாங்க. பத்தே நாள். மறுபடி ஏர் க்ளீனர்ல ஆயில்!

கதையை இங்க நிறுத்திட்டு வரலாறுக்குப் போவோம். அது தெரியாம மாமாவுக்கு என்ன நடந்ததுன்னு புரியாது.

எந்த எஞ்சினா இருந்தாலும் சரி, புதுசா இருந்தாலும் சரி, எரியற வாயுவுல கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழ ஆயில் இருக்கற அறைக்கு இறங்கிடும். இதுக்கு ப்ளோ-பைன்னு பேரு. அதை வெளிய விடலைன்னா உள்ள அழுத்தம் ஏறி, சீல் வழியா ஆயிலைப் பிதுக்கிடும். அதனால ஆரம்ப காலத்துல எஞ்சின்ல இருந்து ஒரு குழாயை எடுத்து ரோட்டைப் பார்த்து விட்டுட்டாங்க. வண்டி ஓடும்போது அடியில போற காத்து அந்தக் குழாய்ல இருந்து வாயுவை உறிஞ்சும். நின்னா உறிஞ்சாது. பழைய கார் நின்ன இடத்துல எண்ணெய்ப் பொட்டு கிடக்குமே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப்போர்ல ஜீப் ஆறு குளமெல்லாம் இறங்க வேண்டியிருந்தது. ரோட்டைப் பார்த்த குழாய்ல தண்ணியும் தூசியும் ஏறுமே? அதனால வில்லிஸ் ஜீப்புல அந்த வாயுவை ஒரு வால்வு வழியா எஞ்சினோட இன்டேக்குக்கே திருப்பி விட்டாங்க. போர் முடிஞ்சதும் சாதா கார்க்காரங்க இதைப் பெருசா கண்டுக்கலை.

அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஊரே கண்ணெரிச்சல்ல தவிச்சுது. கால்டெக்ல அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ஞ்சிட்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட்ங்கற வேதியியல்காரர் (நிஜமாவே அன்னாசிப்பழம்தாங்க!), வண்டியிலயும் எண்ணெய் ஆலைகள்லயும் இருந்து வர்ற ஹைட்ரோகார்பன் வெயில்ல மாறித்தான் அந்தப் புகைமூட்டம் உண்டாகுதுன்னு 1950களோட தொடக்கத்துல நிரூபிச்சார். தேடிப் பார்த்தா, சைலன்சர் மட்டும் குற்றவாளி இல்லை, இந்த மூச்சுக்குழாயும்தான். 1961 மாடல்ல கலிபோர்னியாவுலயும், 1963ல அமெரிக்கா முழுக்கவும் அந்த வாயுவை இன்டேக்குக்குத் திருப்பற வால்வு வந்துது. உலகமே பின்னாடியே போச்சு.

ஆக, இன்டேக்ல ஆயில் ஈரம் தெரியறது அந்த ஏற்பாட்டோட பக்கவிளைவு. லேசான பிசுபிசுப்பு இருந்தா பயப்பட ஒண்ணுமில்லை. சொட்டுச் சொட்டா தேங்கினா மட்டும்தான் விசாரணை.

இப்ப மாமா வண்டி. அம்பாசடர்ல இருந்தது 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின். அதுக்கு ரெண்டு மூச்சு. மேல ராக்கர் கவர்ல இருந்து ஏர் க்ளீனருக்கு ஒரு ஹோஸ். பக்கவாட்டுல டேப்பட் கவர்ல இருந்து கீழ ரோட்டைப் பார்த்து ஒரு குழாய். ரெண்டு மாசம் சும்மா நின்ன வண்டியில, அந்தக் கீழ்க்குழாய் வாய்ல குளவி மண்ணால கூடு கட்டிடுச்சு! ஒரு மூச்சு அடைஞ்சதும் மொத்த வாயுவும் மேல ஏறி, போற வழியில ஆயிலையும் அள்ளிட்டுப் போய் ஏர் க்ளீனர்ல கொட்டிருக்கு. பொன்மலை ரயில்வே பட்டறையில ரிட்டயர் ஆன ஒருத்தர் குனிஞ்சு பார்த்து, ஒரு சைக்கிள் ஸ்போக்கால குத்தி எடுத்தார். காசு வாங்கலை, காப்பி மட்டும் குடிச்சார். மாமி வளையல் திரும்பலை.

இதை நினைச்சுட்டே மறுநாள் காலையில உத்திர வீதியில வண்டிக்கு முன்னாடி உட்கார்ந்தேன். முதல்ல ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பார்த்தேன். ஏர் ஃபில்டர்ல இருந்து ப்ரீதர் குழாய் வந்து சேர்ற இடம் வரைக்கும் ஹோஸ் காஞ்சு கிடந்தது. அந்த இடத்துல இருந்து டர்போ வரைக்கும் ஈரம். அப்ப ஆயில் வர்ற வழி ப்ரீதர்தான். டர்போ சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டினேன், ஆட்டம் இல்லை. வண்டியை ஐட்லிங்ல விட்டு ஆயில் மூடியைத் தொறந்தேன். ரிங் தேஞ்ச எஞ்சின்ல புகை குபுகுபுன்னு வரும், இதுல அப்படி இல்லை. கடைசியா டிப்ஸ்டிக். முதல்லயே பார்த்திருக்கணும்! மேல்கோட்டுக்கு ஒரு விரல்கடை மேல ஆயில். சர்வீஸ்ல தாராளமா ஊத்திட்டாங்க.

ப்ரீதர்ல ஆயிலைப் பிரிக்கற டப்பாவைக் கழட்டினா, உள்ள மோர்க்குழம்பு நெறத்துல வண்டல். அதுக்குக் காரணம் நான்தான். ஸ்ரீரங்கம் டு சத்திரம் நாலைஞ்சு கிலோமீட்டர், தினமும் அவ்வளவுதான் ஓட்டம். எஞ்சின் நல்லா சூடேறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறோம். உள்ள சேர்ற நீராவி வெளிய போகாம ஆயிலோட கலந்து இப்படி ஆயிடுது.

டீசல் வண்டிக்காரங்க மட்டும் இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. இன்டேக்ல நிறைய ஆயில் போனா எஞ்சின் அதையே டீசலா எரிக்க ஆரம்பிக்கும். சாவியை ஆஃப் பண்ணாலும் நிக்காம வேகம் ஏறிட்டே போகும். காத்தை அடைச்சாத்தான் அடங்கும். அதுக்குள்ள எஞ்சின் சிதறாம இருக்கணும்.

அதிக ஆயிலை இறக்கி, டப்பாவைக் கழுவி, ஒரு ஹோஸ் மாத்தினேன். மொத்த செலவு ஆயிரத்து நூறு ரூபா. மூணு வாரம் கழிச்சு ஹோஸ்ல விரல் விட்டேன். லேசா பிசுபிசுப்பு, அவ்வளவுதான்.

டிஸ்கி: இப்ப மாசத்துக்கு ரெண்டு தடவை சமயபுரம் டோல்கேட் தாண்டி நல்லா ஒரு ஓட்டு ஓட்டிட்டு வர்றேன். வீட்டுல கேட்டா எஞ்சினுக்கு மருந்துங்கறேன். யாரும் நம்பலை :-)