சான் பெட்ரோ ஆறும் கொண்டி மாடுகளும்

சான் பெட்ரோ மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் பிறந்து, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற்குள் வடக்கு நோக்கி ஓடி, கீலா ஆற்றில் கலக்கும் ஆறாகும். நீளம் ஏறத்தாழ 225 கி.மீ. பெரிய அணை எதுவும் இதன் குறுக்கே கட்டப்படவில்லை. பாலைநிலத்தின் நடுவே பச்சைக் கோடாகத் தெரியும் இதன் கரை, வலசை போகும் பறவைகளுக்கு வழித்தங்கலாக விளங்குகிறது. இந்தக் கரையில் மாடு மேய்வதா கூடாதா என்னும் வழக்கு ஆற்றின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

மாடு வந்த கதை

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கினோ பாதிரியார் இப்பள்ளத்தாக்கின் சொபைபுரி மக்களிடையே மாடு வளர்ப்பைக் கொண்டுவந்தார். பின்னர் அப்பாச்சிகளின் தாக்குதலுக்கு அஞ்சிப் பண்ணையார்கள் வெளியேற, விடப்பட்ட மாடுகள் காட்டு மாடுகளாகப் பெருகின. 1846 டிசம்பரில் அமெரிக்க-மெக்சிகோ போரின்போது இவ்வழியே சென்ற மோர்மன் படைப்பிரிவு, அந்தப் பயணத்தில் சண்டையிட்ட ஒரே எதிரி இக்காளைகள்தாம். 'காளைப் போர்' என்றே அது பெயர் பெற்றுவிட்டது.

1880இல் பென்சன் ஊருக்கு ரயில் வந்த பின் நிலைமை அடியோடு மாறியது. மந்தைகள் ரயிலேறி வந்து குவிந்தன. 1891 முதல் 1893 வரை நீடித்த வறட்சியில் தெற்கு அரிசோனாவின் மாடுகளில் பாதிக்கும் மேல் மடிந்தன. அதற்குள் புல்வெளி மொட்டையாகியிருந்தது. அடுத்து வந்த வெள்ளங்கள் ஆற்றுப்படுகையை ஆழமாக அறுத்தன. இதற்கு மேய்ச்சல் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. வறட்சி, வெள்ளம், மரம் வெட்டுதல் எல்லாம் சேர்ந்தே செய்த வேலை அது.

மேய்ச்சல் நின்றபோது

1986இல் நில மாற்றத்தின் மூலம் இக்கரை நிலங்களை அமெரிக்க நடுவண் அரசின் நில மேலாண்மைப் பணியகம் பெற்றது. 1987 இறுதியில் மாடுகள் வெளியேற்றப்பட்டன. 1988 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சுமார் 64 கி.மீ. ஆற்றையும் ஏறத்தாழ 57,000 ஏக்கர் நிலத்தையும் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. பெரும்பகுதியில் 15 ஆண்டுகளுக்கு மேய்ச்சல் நிறுத்தப்பட்டது.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1986 முதல் 1990 வரை நடந்த கணக்கெடுப்பில், செடிகொடிகளின் அடர்த்தி நான்கு முதல் ஆறு மடங்கு கூடியிருந்தது. ஆராயப்பட்ட 61 பறவை இனங்களில் 42 இனங்கள் முன்பைவிட அதிகமாகத் தென்பட்டன, 19 குறைந்தன. ஒரு மழைக்காலத்தில் வரும் மாற்றமன்று இது. பாப்லர் இனத்தைச் சேர்ந்த காட்டன்வுட் மரத்தின் விதை, வெள்ளம் வடிந்த ஈர மணலில்தான் முளைக்கும். மாடு நிழலும் நீரும் தேடி நிற்பதும் அதே மணலில்தான். இளங்கன்று தின்னப்பட்டால் முதிய மரங்களுக்குப் பின் வாரிசு இல்லை. மஞ்சள் அலகுக் குயில் போன்ற அரிய பறவைகள் இம்மரங்களை நம்பியே வாழ்கின்றன.

கரையில் நடப்பவர்கள்

சட்டம் மாட்டைத் தடுக்காது, வேலிதான் தடுக்கும். கோடை மழையில் ஆறு பெருகும்போது ஆற்றின் குறுக்கே செல்லும் முள்கம்பி வேலி அடித்துச் செல்லப்படுகிறது. சில இடங்களில் வேலி வெட்டப்படுவதும் உண்டு. இத்தனை நீளக் கரையைச் சில அலுவலர்களால் காவல் காக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்புபவர்கள் தன்னார்வலர்கள்.

சான் பெட்ரோ நண்பர்கள் என்னும் அமைப்பு 1987இல் தோன்றி, வழிகாட்டி நடைகளை நடத்தி வருகிறது. 1999 முதல் ஒவ்வொரு ஜூனிலும், ஆறு மிக வற்றிய நாட்களில், தன்னார்வலர்கள் படுகையில் நடந்து எங்கே நீர் உள்ளது, எங்கே இல்லை என்று வரைபடமாக்குகின்றனர். மேய்ச்சலைக் கண்காணிப்பவர்களின் வேலையும் இதைப் போன்றதே: சாணம், குளம்புத் தடம், நுனி கடித்த கன்றுகள், அறுந்த கம்பி, மாட்டின் காதுவில்லை அல்லது சூட்டுக்குறி ஆகியவற்றை நாளும் இடமும் தெரியப் படமெடுப்பது. சாணம் ஈரமா காய்ந்ததா என்பதுகூடச் சான்றுதான். மாடு நேற்று வந்ததா, போன பருவத்தில் வந்ததா என்று அது சொல்லிவிடும்.

பயிரை மேய்ந்த மாட்டைக் கொண்டித் தொழுவத்தில் அடைத்த தமிழ்நாட்டு வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அரிசோனாவின் சட்டம் வியப்பாக இருக்கும். பொதுவாக அங்கே மாட்டைக் கட்டி வைப்பது உரிமையாளர் கடமையன்று. மாடு வரவேண்டாம் என்பவர்தான் வேலி போட வேண்டும். நடுவண் அரசு நிலத்தில் உரிமமின்றி மேய்ப்பது குற்றம் என்றாலும், இந்தப் பழைய மனநிலை எளிதில் மறையவில்லை. வறட்சியில் புல் தேடும் பண்ணையாரின் நெருக்கடியும் பொய்யன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாதுகாப்புப் பகுதிக்குள்ளேயே சுமார் 7,000 ஏக்கர் அளவிலான நான்கு மேய்ச்சல் வட்டங்களில் உரிமம் தொடர்ந்தது. 2019ஆம் ஆண்டுத் திட்டமும் அதை நீக்கவில்லை. சூழல் அமைப்புகள் அதை எதிர்த்தன. ஆகவே கரையில் ஒரு மாட்டைக் காணும் தன்னார்வலர், படமெடுக்கும் முன் வரைபடத்தை விரித்து, தாம் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.