பிளாங்டனுக்கு விரித்த பட்டு

1931 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து வட கடலுக்குக் கிளம்பிய ஒரு வணிகக் கப்பல், டார்பிடோ வடிவிலான உலோகக் கருவி ஒன்றைத் தன் பின்னால் இழுத்துச் சென்றது. அதை உருவாக்கியவர் அலிஸ்டர் ஹார்டி என்ற விலங்கியல் அறிஞர். 1925 முதல் 1927 வரை ‘டிஸ்கவரி’ கப்பலில் அண்டார்டிகா பக்கம் போய்த் திமிங்கலங்களின் இரையை ஆராய்ந்தவர். ஹெரிங் மீன் எங்கே திரளும் என்று தெரிய வேண்டுமானால், அது தின்னும் பிளாங்டன் என்ற சிற்றுயிர்க் கூட்டம் எங்கே மிதக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கெனத் தனிக் கப்பல் விட யாரிடம் பணம் இருக்கிறது? எப்படியும் போகிற சரக்குக் கப்பல்களே இழுத்துப் போகட்டும் என்றார் ஹார்டி.

கருவியின் மூக்கில் அரை அங்குலச் சதுரத்தில் ஒரு துளை. அதன் வழியே நுழையும் நீரைப் பட்டுத்துணி வடிகட்டும். பின்னால் இருக்கும் சுழலி நீரின் வேகத்தில் சுற்றச் சுற்றப் பட்டு மெல்ல நகரும். மேலே இன்னொரு பட்டு வந்து மூடும். இரண்டும் சேர்ந்து ஃபார்மலின் தொட்டிக்குள் சுருண்டுகொள்ளும். கரையில் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு 10 கடல் மைலுக்கும் என்ன சிக்கியது என்று சொல்லிவிடலாம். பார்த்து முடித்த பட்டைத் தூக்கி எறியவில்லை, காப்பகத்தில் சேர்த்துவைத்தார்கள். அந்தச் சேமிப்புப் புத்திக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கருவி கடலில் இறங்கியபோது ஆலையில் தயாராகும் பாலித்தீன் பிறந்திருக்கவில்லை. 1933இல்தான் செஷயரிலுள்ள ஐ.சி.ஐ. வேதியியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபாசெட்டும் கிப்சனும் உயர் அழுத்தச் சோதனை ஒன்றின் முடிவில், கலத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் படிவைக் கண்டார்கள். 1935இல் அமெரிக்காவில் கரோதர்ஸின் நைலான், 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் இருவரின் பாலியெஸ்டர். பட்டு அதுபாட்டுக்குக் கடலில் ஓடிக்கொண்டிருந்தது.

1972இல் எட்வர்ட் கார்பெண்டரும் ஸ்மித்தும் சர்காசோ கடலின் மேற்பரப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 3,500 பிளாஸ்டிக் துணுக்குகள் மிதப்பதாக ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். கண்ணுக்குத் தெரிந்த துணுக்குகளின் கணக்கு அது. பெரிய அளவில் யாரும் பதறவில்லை.

பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் கேட்டது வேறு கேள்வி: இத்தனை பிளாஸ்டிக்கும் கடைசியில் எங்கே போகிறது? அவரும் சக ஆய்வாளர்களும் கடற்கரை மணலை அலசினார்கள். பழைய பட்டுச் சுருள்களையும் எடுத்துப் பிரித்தார்கள். உருப்பெருக்கியில் தெரிகிற இழை பருத்தியா, பாசியா, பிளாஸ்டிக்கா என்று கண்ணால் மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. அங்கேதான் வேதியியல் வேண்டியிருந்தது. அகச்சிவப்புக் கதிரை ஒவ்வொரு மூலக்கூறுப் பிணைப்பும் தனக்கே உரிய அலைநீளங்களில் உறிஞ்சும். அந்த உறிஞ்சலின் வரைபடத்தை வைத்துப் பொருளை இனம் காணலாம். நைலான், பாலியெஸ்டர், அக்ரிலிக், பாலிபுரொப்பிலீன் எனப் பெயர்கள் வரிசையாக வந்தன. 1960களின் பட்டிலேயே அவை இருந்தன; பிந்தைய பத்தாண்டுகளில் கூடியிருந்தன. 2004இல் ‘சயின்ஸ்’ வெளியிட்ட அந்தக் கட்டுரை ஒரே பக்கம். ‘மைக்ரோபிளாஸ்டிக்’ என்ற சொல் பரவலானது அதற்குப் பிறகுதான். வடிகட்டி பட்டாக இருந்ததும் நல்லதாயிற்று. நைலான் வலை என்றால், சிக்கிய நைலான் இழை கடலுடையதா, கருவியுடையதா என்ற வழக்கு இன்றுவரை ஓடியிருக்கும்.

காப்பகம் அதோடு ஓயவில்லை. கருவியைச் சுற்றி வெளியே எது சிக்கியது என்று குறித்துவைத்த பதிவேடுகளையும் ஆய்வாளர்கள் புரட்டினார்கள். 1957இல் ஐஸ்லாந்துப் பக்கம் ஓர் இழுவலைக் கயிறு, 1965இல் அயர்லாந்துக்கு வடமேற்கே ஒரு பிளாஸ்டிக் பை. 2019இல் வெளியான அந்த ஆய்வு, 1990கள் முதல் திறந்த கடலில் பிளாஸ்டிக் தெளிவாகக் கூடியதைக் காட்டியது.

கார்பன் கார்பனோடு கோத்துக்கொண்ட பாலித்தீன் சங்கிலியை வெயில் நொறுக்கும். ஆனால் நொறுங்கிய துண்டும் பாலித்தீன்தான். 1998இல் பால் அனஸ்டஸும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலுக்கு 12 நெறிகள் வகுத்தபோது, பத்தாவதாக இதையே வைத்தார்கள்: பொருள் தன் வேலை முடிந்ததும் தீங்கற்றதாகச் சிதைய வேண்டும், சூழலில் தங்கக் கூடாது. அரசுகளோ எளிதான பக்கத்திலிருந்து தொடங்கின. முகம் கழுவும் கிரீம்களில் கலந்த பிளாஸ்டிக் மணிகளுக்கு அமெரிக்கா 2015இல் தடைச் சட்டம் இயற்றியது. 2018இல் பிரிட்டன் தடைவிதித்தது. ஆனால் பட்டில் சிக்கியவை பெரும்பாலும் இழைகள். பிரான்ஸ் 2020இல் இயற்றிய சட்டம், 2025 முதல் புதிய சலவை இயந்திரங்களில் நுண்ணிழை வடிகட்டி வேண்டும் என்றது. துணியிலிருந்து இழை உதிர்வதை அந்த வடிகட்டி நிறுத்தாது.