கருவிழிப் பூஞ்சைப் புண்

கண்ணின் முகப்பில் ஒளிபுகும் படலமாய் அமைந்த கருவிழியில் பூஞ்சைக் கிருமிகள் வேரூன்றி, அதனை அரித்துப் பார்வையைக் கெடுக்கும் நோய் இது. கதிரடிக்கையில் ஓட்ஸ் உமி பட்டுக் கண் புண்ணான உழவர் ஒருவரைப் பரிசோதித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர், 1879-இல் இதனை முதன்முதலாக விவரித்தார்.

உஷ்ணப் பிரதேசங்களில் ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் இழைப்பூஞ்சைகளே இதற்குப் பிரதான காரணம். நெற்சுணையோ மண்ணோ பட்டு உண்டாகும் சிறு கீறலே அவற்றுக்கு வாயிலாகிறது. மதுரையில் 1994-இல் நிகழ்ந்த ஆய்வொன்றில், ஆய்வகச் சோதனையில் கிருமி வளர்ந்த கருவிழிப் புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் விளைந்தவை.

புண்ணின் இறகு போன்ற விளிம்பும், அதனைச் சூழ்ந்த சிறு புள்ளிகளும், கண்ணுள் தேங்கும் சீழும் சந்தேகத்தை எழுப்புமேயன்றி நிச்சயம் தாரா. ஆதலின், மரப்புச் சொட்டுமருந்து இட்டுப் புண்ணின் அடியிலும் ஓரத்திலும் மெல்லச் சுரண்டியெடுத்த திசுவைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் நோக்குவர். திசு கரைந்து தெளிய, குறுக்குச் சுவர்களோடு கிளைவிடும் இழைகள் சில நிமிஷங்களிலேயே புலனாகும். சபூரோ என்னும் பூஞ்சை வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்து இனத்தைத் துணிவர்.

இழைப்பூஞ்சைக்கு 5 சதவீத நேட்டமைசின் சொட்டுமருந்தே முதன்மைச் சிகிச்சை. பரிசோதனையின்றி ஸ்டீராய்டு சொட்டு இடுவது பூஞ்சைக்கே துணைபோகும் பேராபத்து.