கிண்ணத்துக்காக நாடிழந்தவர்கள்

வீட்டு அலுமாரியில் இருக்கும் வைன் கிளாசும் தேவாலயப் பீடத்தில் இருக்கும் பூசைக் கிண்ணமும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே உருவம்தான். கிட்டப் போனால் வேறுபாடு தெரியும். கிளாசின் தண்டு மெல்லியது; அதைப் பிடித்தால் கைச்சூடு வைனில் ஏறாது. பூசைக் கிண்ணத்தின் தண்டிலோ நடுவில் ஒரு குமிழ் இருக்கும். பழைய முறைப்படி, அப்பத்தைத் தொட்ட குருவானவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் பிரிக்கக்கூடாது. மற்ற விரல்களால் கிண்ணத்தைத் தூக்க அந்தக் குமிழ் உதவியது. கிளாஸ் கண்ணாடியில் இருப்பது வைனின் நிறம் தெரிவதற்கு. பூசைக் கிண்ணம் பொன் அல்லது வெள்ளி, உட்புறம் பொன்முலாம். உடையக்கூடிய கண்ணாடி பூசைக்கு ஆகாது என்று வத்திக்கான் 2004இலும் எழுதி வைத்தது.

இவற்றைவிடப் பெரிய வேறுபாடு, யார் குடிக்கலாம் என்பது. கிளாஸ் வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும் பொது. மத்தியகால ஐரோப்பாவின் பிற்பகுதியில் பூசைக் கிண்ணத்திலிருந்து குருவானவர் மட்டுமே அருந்தினார்; சனங்களுக்கு அப்பம் மட்டும். இரசம் சிந்திவிடும் என்ற பயம் ஒரு காரணம். அப்பத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்றும் விளக்கம் சொன்னார்கள்.

1414இல் பிராக் நகரில் யாக்கோபெக் என்ற குருவானவர் சாதாரண சனங்களுக்கும் கிண்ணத்தை நீட்டினார். அடுத்த ஆண்டு யூன் மாதம், கொன்ஸ்டன்ஸ் நகரில் கூடியிருந்த திருச்சபைச் சங்கம் அதைத் தடை செய்தது. சுவிஸில் இருப்பவர்கள் எல்லை கடந்து மலிவாகச் சாமான் வாங்கிவரும் அதே கொன்ஸ்டன்ஸ்தான். மூன்று வாரம் கழித்து, 1415 யூலை 6இல், செக் மக்களின் போதகர் யான் ஹூஸ் அங்கே உயிருடன் எரிக்கப்பட்டார்.

அதன்பின் செக் மக்கள் கிண்ணத்தையே கொடியில் வரைந்துகொண்டு போருக்குப் போனார்கள். 1436இல் உடன்பாடு வந்தது: விரும்பியவர்கள் கிண்ணத்திலும் அருந்தலாம். 1462இல் பாப்பரசர் அதை இரத்துச் செய்தும் சனங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

1620 நவம்பரில் பிராக்குக்கு வெளியே வெள்ளைமலையில் நடந்த சண்டை ஓரிரு மணித்தியாலத்தில் முடிந்தது. ஹப்ஸ்பேர்க் அரசன் வென்றான். பிராக்கின் டீன் தேவாலய முகப்பில் இருந்த பொற்கிண்ணம் இறக்கப்பட்டு, மாதா சொரூபம் ஏறியது. கிண்ணத்தை உருக்கித்தான் மாதாவின் ஒளிவட்டம் செய்தார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். கத்தோலிக்கராகுங்கள், இல்லாவிட்டால் வெளியேறுங்கள் என்று பிரபுக்களுக்கும் நகரத்தாருக்கும் 1620களில் கட்டளை வந்தது. குடியானவர்களுக்கு வெளியேறவும் அனுமதியில்லை. அவர்கள் களவாக எல்லை தாண்டினார்கள்.

கல்வியாளர் கொமேனியுஸ் 1628இல் போலந்துக்குப் போனார். 1656இல் அங்கே லெஷ்னோ நகரம் எரிந்தபோது, அவர் நாற்பது வருடங்களுக்கு மேலாக எழுதிச் சேர்த்த செக் மொழி அகராதியும் எரிந்தது. 1670இல் அம்ஸ்டர்டாமில் இறந்தார். ஊர் திரும்பவில்லை.

கத்தோலிக்கப் பூசையில் குறிப்பிட்ட வேளைகளில் சனங்களுக்கும் கிண்ணம் கொடுக்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அனுமதித்தது.