மோட்டோ குஸ்ஸி: மூன்றாவது நண்பனின் கழுகு

குஸ்ஸி பிரியர்களிடம் "ஏன் இந்த வண்டி?" என்று கேட்டால் வேகத்தைவிட அது ஆடுறதைப் பத்திதான் அதிகம் சொல்வார்கள். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி வலப்பக்கம் லேசாகச் சாயும். கிராங்க் தண்டு வண்டியின் நீளவாக்கில் சுழல்வதுதான் காரணம். கார்க்கானோ வடிவமைத்த இந்த 90 டிகிரி வி-ட்வின் என்ஜின் 1967-இல் வி7 வண்டியோடு விற்பனைக்கு வந்தது. கணக்குப்படி அந்த ஆட்டம் ஒரு குறை. ஓட்டுறவங்களுக்கு அதுதான் உயிர்.

எனக்கு என்ஜினைவிட அந்தக் கம்பெனி பிறந்த கதைதான் பெரிசாகப் படுகிறது. முதல் உலகப் போரில் இத்தாலியக் கடற்படையின் விமானப் பிரிவில் மூன்று பேர்: மெக்கானிக் கார்லோ குஸ்ஸி, விமானிகள் ஜார்ஜியோ பரோடி, ஜொவான்னி ரவெல்லி. போர் முடிந்ததும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்வதாகப் பேச்சு. பந்தயத்தில் ஓட்ட வேண்டியவர் ரவெல்லி. 1919-இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். 1921-இல் கம்பெனி தொடங்கியபோது, அவர் நினைவாக விமானப் பிரிவின் கழுகையே சின்னமாக வைத்தார்கள் மற்ற இருவரும்.

கோமோ ஏரிக்கரையில், மண்டெல்லோவில் இன்றும் குஸ்ஸி தயாராகிறது. டாங்கில் அந்தக் கழுகும் இருக்கு. குஸ்ஸி ஓட்டுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, இறந்துபோன நண்பனையும் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்.