துரைமார் தோண்டிய கற்குவைகள்

நீலகிரி என்றால் நம்ம லயங்களில் பலருக்கு அது உறவுக்காரர் இருக்கிற ஊர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் நிறையப் பேர் போய்ச் சேர்ந்தது கோத்தகிரி, கூடலூர் பக்கம்தான். அவர்களுக்காகவே அங்கே அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட்டது. மலை மாறியது, கொழுந்துக் கூடை மாறவில்லை. அந்த மலைகளின் உச்சிகளில் இருக்கும் கற்குவைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பார்வைக்கு வெறும் கல் குவியல். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் அடுக்கிய வட்டச் சுவர், கிணற்று வாய் மாதிரி. உள்ளே எரித்த எலும்புகள், சுடுமண் கலயங்கள், இரும்பு ஈட்டிமுனை, அரிவாள். சிலவற்றில் வெண்கலக் கிண்ணமும் பொன் நகையும்கூட. ஆனால் கலய மூடிகள்தான் விசேஷம். பல மூடிகளின் மேல் ஓர் உருவம் உட்கார்ந்திருக்கும்: குதிரை வீரன், பறவை, கழுத்தில் மணி கட்டிய எருமை. செத்தவரோடு மந்தையையும் அனுப்பி வைத்தார்கள் போல! சங்கப் பாடல்களில் வருகிற 'பதுக்கை' வழியில் மாண்டவர் மேல் அவசரமாய்க் குவித்த கல். இது அப்படியில்லை. இவ்வளவு கல்லை உச்சிக்கு ஏற்ற ஊரே கூடியிருக்க வேண்டும்.

தோண்டியவர்கள் தொல்லியல் படித்தவர்கள் இல்லை, துரைமார்தான். இராணுவ அதிகாரி காங்கிரீவ் 1847இல் இவற்றைப் பற்றி எழுதினார். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் இன்னும் பல குவைகளைத் திறந்தார். அவர் 1872இல் இறந்துபோக, அடுத்த வருடம் மனைவிதான் புத்தகத்தை வெளியிட்டார். பொருட்கள் சென்னை எழும்பூருக்கும் லண்டனுக்கும் போயின. எது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற குறிப்பு பலவற்றுக்கு இல்லாததால் இன்றைக்கும் காலம் கணிப்பது கஷ்டம். இவை தோடர்களுடையவை என்றார் காங்கிரீவ். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

நம்ம நாட்டில் இப்பன்கட்டுவ கொஞ்சம் கொடுத்து வைத்தது. தம்புள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கல்லறைக் காட்டை 1980களில் முறையாக அகழ்ந்தார்கள். கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த குழிகள். ஏறத்தாழ கி.மு. 700க்கும் 450க்கும் இடைப்பட்டவை. உள்ளே சாம்பல் தாழிகள், இந்தியாவிலிருந்து வந்த சூதுபவள மணிகள்.

மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்ம ஆளுங்க கோப்பித் தோட்ட வேலைக்கு நடந்த பாதையும் தம்புள்ளை வழியாகத்தான் போனது. 2500 வருடத்துக்கு முன் அங்கே செத்தவரின் பாசிமணியை இன்று எண்ணிச் சொல்ல முடிகிறது. 1840களில் அதே வழியில் கொலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகளே ஒத்துப்போகவில்லை.